ஐம்பது வயதுக்கு மேல் கம்பெனி மாறியபோது

வேலை மாறுவது பற்றி எங்களிடம் பேச வரும் தம்பி தங்கைகள் முதலில் சம்பளத்தைக் கேட்கிறார்கள். அடுத்து பதவியின் பெயரைக் கேட்கிறார்கள். போகும்போது எதைக் கையோடு எடுத்துக்கொண்டு போகலாம், எதை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை. பிறர் பணத்தைப் பார்த்துக்கொள்கிற தொழிலில் அதுதான் முதல் கேள்வி. சேரியிலிருந்து அந்தத் தொழிலுக்குப் போனவர்களுக்கு அந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் கூர்மையாகவே வந்து நிற்கும். எங்கள் மூன்று பேருக்கும் அது 2022-இல் வந்தது. அப்போது எங்களில் இளையவருக்கு 51 வயது, மூத்தவருக்கு 56.

மூவரும் வேலூரில் ஒரே நிறுவனத்தில் 23 ஆண்டுகள் இருந்தோம். இருவர் ஒரே ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தவர்கள். மூன்றாமவர் அரக்கோணம் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த பெண். எங்கள் பெயர் இந்தக் கதைக்கு முக்கியமில்லை, அந்த நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். அப்படிப்பட்ட நிறுவனம் எல்லா மாவட்டத் தலைநகரத்திலும் ஒன்றிரண்டு இருக்கும்.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறோம். ஊர்ப்பக்கம் எங்களை இன்றைக்கும் 'எல்.ஐ.சி.காரர்' என்றுதான் சொல்வார்கள். மியூச்சுவல் ஃபண்ட் படிவத்தில் கையெழுத்து வாங்கப் போனாலும் எல்.ஐ.சி.காரர்தான். விசிட்டிங் கார்டில் வெகுகாலம் 'நிதி ஆலோசகர்' என்று இருந்தது. 2013-இல் செபி, முதலீட்டு ஆலோசகர்களுக்கென்று தனி விதிமுறை கொண்டுவந்தது. 2020-இல் அதைத் திருத்தியபோது, ஆலோசகராகப் பதிவு செய்யாத விநியோகஸ்தர்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்றார்கள். நியாயமான விதிதான். விற்றால் கமிஷன் வாங்குகிறவர் ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டால் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? ஆக, காகிதத்தில் நாங்கள் ஒரு விநியோகஸ்தர் நிறுவனத்தின் விற்பனை ஆட்கள். ஆனால் பெண்ணுக்குக் கல்யாணம், வீட்டுக்கடன், ரிடையர்மென்ட் பணம் என்று எது வந்தாலும் பல குடும்பங்களிலிருந்து முதல் போன் எங்களுக்குத்தான் வரும்.

1999-இல் அந்த முதலாளி எங்களை ஏன் வேலைக்கு எடுத்தார் என்பது சேர்ந்த ஒரு வருடத்திலேயே எங்களுக்குப் புரிந்துவிட்டது. அவர் ஆதிக்க சாதிக்காரர், கெட்டிக்காரர். கடைத்தெரு வியாபாரிகளும் மண்டிக்காரர்களும் அவருடைய சொந்தக்காரர்கள் வழியாகவே வந்துகொண்டிருந்தார்கள். அவரால் நுழைய முடியாத ஒரு சந்தை இருந்தது. இடஒதுக்கீட்டில் அரசு வேலைக்குப் போன முதல் தலைமுறைச் சம்பளக்காரர்கள்தான் அந்தச் சந்தை: அரக்கோணத்தில் ரயில்வேக்காரர்கள், ராணிப்பேட்டையில் தொழிற்சாலைக்காரர்கள், ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஆசிரியர்கள், நகராட்சித் துப்புரவுப் பணியாளர்கள். மாதம் பிறந்தால் கையில் பணம். அதை எங்கே வைப்பது என்று சொல்ல வீட்டில் அப்பா தாத்தா யாரும் கிடையாது. அவர்கள் கையில் பணமே இருந்ததில்லை. 'அந்தத் தெருவுக்கு' அனுப்ப அந்தத் தெருவிலிருந்தே ஆள் தேவைப்பட்டது. எங்களை எடுத்தார். எந்தச் சாதி எங்களை உள்ளே விட்டதோ அதே சாதிதான் உள்ளே கோடும் போட்டது. கடைத்தெருப் பக்கம் எங்களை அவர் ஒருநாளும் அனுப்பியதில்லை.

அந்த நேரத்தில் மக்களிடம் பணம் கேட்பது சுலபமில்லை. தொண்ணூறுகளில் தமிழ்நாடு முழுக்க ஃபைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாகக் கதவைச் சாத்தியிருந்தன. டெபாசிட்தாரர்களின் நலனைப் பாதுகாக்க 1997-இல் மாநில அரசு தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. சீட்டு கட்டி ஏமாந்தவர் வீட்டுக்கு வீடு ஒருவர் இருந்தார். நாங்கள் போய் உட்கார்ந்தால், "நைனா, நீயும் ஓடிடுவியா?" என்று கேட்பார்கள். சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள், ஆனால் விளையாட்டுக்காகக் கேட்டதில்லை. 2001 பிப்ரவரியோடு கோலார் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது. வடாற்காட்டுச் சேரிகளிலிருந்து போய் மூன்று நான்கு தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கியவர்கள் பலர் எங்கள் உறவுகள். கையில் வந்த தொகையை என்ன செய்வது என்று குடியாத்தம், பேரணாம்பட்டு சொந்தக்காரர்கள் வழியாக எங்களைத் தேடி வந்தார்கள். அதே வருடம் ஜூலையில் யூ.எஸ்.64 திட்டத்தில் விற்பனையும் பணம் திருப்பித் தருவதும் நிறுத்தி வைக்கப்பட்டன. அரசாங்கம் மாதிரி என்று நம்பி நாங்களே அதில் சிலரைச் சேர்த்திருந்தோம். அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு வீடாகப் போய் உட்கார்ந்தோம். எங்களிடம் பதில் இருக்கவில்லை. ஆனாலும் போனோம். அதற்குப் பிறகுதான் "ஓடிடுவியா" என்கிற கேள்வி நின்றது.

2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு அரசு வேலையில் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, பங்களிப்பு ஓய்வூதியம்தான் என்றானது. அவர்களைத் தேடிப் போய்ச் சொன்னவர்கள் நாங்கள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள் மாதம் 500 ரூபாய் கட்டும் எஸ்.ஐ.பி. போட்டார்கள். இப்படி நானூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்தன. மழையில், பஸ்ஸில், இழவு வீட்டு வாசலில், அம்பேத்கர் பிறந்தநாள் மேடைக்குப் பின்னால் நின்று பேசிச் சேர்த்த குடும்பங்கள்.

பாபாசாகேபைச் சட்ட மேதை என்று தெரியும், பொருளாதாரம் படித்தவர் என்றும் பலருக்குத் தெரியும். எங்கள் தொழிலையும் கொஞ்சகாலம் செய்து பார்த்தவர் என்பதை இளைஞர்களிடம் சொன்னால் வியப்பாகப் பார்க்கிறார்கள். 1917-இல் லண்டனிலிருந்து திரும்பி, பரோடாவில் தங்க இடமில்லாமல் விரட்டப்பட்டு, பம்பாய்க்கு வந்தவர், பங்கு வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்லும் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். கொலம்பியாவிலும் லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் படித்துவந்த ஒருவரிடம் ஆலோசனை கேட்கக் கசக்குமா? ஆனால் சொல்கிறவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுபோனார்கள். நிறுவனத்தை மூடினார். 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகப் போனார். 1947-இல் அவர் எழுதிக்கொடுத்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' ஆவணத்தில், காப்பீடு அரசின் ஏகபோகமாக இருக்க வேண்டும், வயது வந்த ஒவ்வொரு குடிமகனும் தன் கூலிக்கு ஏற்ற ஆயுள் காப்பீடு எடுக்கும்படி அரசு செய்ய வேண்டும் என்று இருக்கிறது. 1956-இல் 245 காப்பீட்டு நிறுவனங்களையும் சேமநிதிச் சங்கங்களையும் ஒன்றாக்கி செப்டம்பர் 1-ஆம் தேதி எல்.ஐ.சி. தொடங்கியது. அவர் அதைப் பார்த்தார். மூன்று மாதம் கழித்து டிசம்பர் 6-இல் மறைந்தார். எல்.ஐ.சி. அலுவலகத்தின் உள்ளே வேலை செய்பவர்களுக்கு இடஒதுக்கீடு உண்டு. வெளியே வெயிலில் அலைகிற முகவர்களுக்கு அப்படி எதுவும் கிடையாது, கமிஷன் மட்டும்தான். எங்களைப் போலத் தனியார் விநியோக நிறுவனத்தில் இருப்பவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பழைய முதலாளி இருந்தவரை ஒரு மாதிரி ஓடியது. 2018 வாக்கில் அவருடைய மகன் வந்தார். வெளியூரில் படித்தவர், நன்றாக ஆங்கிலம் பேசுவார். அலுவலகத்துக்கு ஏசி வந்தது, 'ரிலேஷன்ஷிப் மேனேஜர்' என்ற பதவி வந்தது. இருபத்தைந்து வயதுப் பையன்கள் நான்கு பேருக்கு அந்தப் பதவி கிடைத்தது. நால்வரும் அவருடைய சமூகம். நாங்கள் 'சீனியர் எக்ஸிகியூட்டிவ்' ஆகவே இருந்தோம். எங்கள் வாடிக்கையாளரில் யாருடைய தொகை 25 லட்சத்தைத் தாண்டினாலும் அவரை ஒரு மேனேஜரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதி வந்தது. எங்கள் ஆசிரியர்களில் ஒருவர், மேனேஜர் முதன்முறை வீட்டுக்கு வந்தபோது காபி குடிக்காமல் போனதைச் சொன்னார். "அவசரமா போவணும்னாரு. அப்புறம் ஒரு மணி நேரம் உக்காந்து பாலிசி பத்திப் பேசினாரு" என்றார்.

எங்களை வெளியேற வைத்தது ஒரு டிராக்மேனின் பணம். 2021 கடைசியில் ரயில்வேயில் ஓய்வு பெற்றார். சேமநிதி, பணிக்கொடை, கம்யூடேஷன் எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 28 லட்சம் வந்தது. வருடத்துக்கு 5 லட்சம் வீதம் பத்து வருடம் கட்ட வேண்டிய ஒரு பாலிசியில் அவரைச் சேர்க்கச் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து வருடம் கட்டியதும் கைப்பணம் தீர்ந்துவிடும், ஆறாவது தவணைக்கு அவர் எங்கே போவார்? ஆனால் விற்கிறவருக்குக் கணக்கு வேறு. காப்பீட்டில் முதல் வருடப் பிரீமியத்தில்தான் கொழுத்த கமிஷன். சட்டம் வெகுகாலம் வைத்திருந்த உச்சவரம்பே முதல் வருடத்துக்கு 35 சதவீதம் வரை, அடுத்த இரண்டு வருடம் 7.5, அதற்குப் பின் 5. ஆறாவது வருடம் அவர் கட்டுகிறாரா என்ற கவலை முதல் வருடத்திலேயே வாங்கிவிட்டவருக்குக் கிடையாது. நாங்கள் அவரைத் தபால் நிலையத்துக்கு அழைத்துப் போய் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அப்போது அனுமதித்த உச்சத் தொகையான 15 லட்சத்தைப் போட வைத்தோம். வட்டி 7.4 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும். அந்தத் திட்டத்தில் முகவருக்குக் கமிஷன் கிடையாது. மீதியை வங்கி டெபாசிட்டில் போடச் சொன்னோம். அந்த மாதக் கூட்டத்தில் முதலாளியின் மகன் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "உங்க ஆளுங்களுக்குப் போஸ்ட் ஆபீஸ் போதும்னு நீங்களே முடிவு பண்ணிட்டா, நம்ம கம்பெனி எதுக்கு?"

'உங்க ஆளுங்க' என்ற சொல்லை 23 வருடமாகக் கேட்டிருக்கிறோம். அப்பா சொல்லும்போது அது சந்தையின் பெயராக இருந்தது. மகன் வாயில் அது வசவாகியிருந்தது. மூன்று மாதத்தில் ராஜினாமா கொடுத்தோம்.

கொடுத்த பிறகுதான் எது எங்களுடையது என்ற கேள்வி முழுசாக வந்தது. மாணவர்கள் இதைக் கவனித்துப் படியுங்கள், பாடப்புத்தகத்தில் கிடைக்காது. மியூச்சுவல் ஃபண்ட் விற்கும் நிறுவனத்துக்கு ஏ.ஆர்.என். என்று ஒரு பதிவு எண் உண்டு. அங்கே வேலை செய்து விற்கும் ஒவ்வொருவருக்கும் ஈ.யூ.ஐ.என். என்று தனி எண் உண்டு. கம்பெனி மாறினால் ஈ.யூ.ஐ.என். நம்மோடு வரும், புதிய நிறுவனத்தோடு அதை இணைத்துக்கொள்ளலாம். ஆனால் நாம் சேர்த்துவிட்ட குடும்பங்களின் கணக்குகள் எல்லாம் பழைய நிறுவனத்தின் ஏ.ஆர்.என்.-இல்தான் நிற்கும். அந்தக் குடும்பம் இருக்கும்வரை அதற்கான கமிஷன் அங்கேதான் போகும். விதியைக் குறை சொல்ல முடியாது, எல்லாச் சாதிக்காரருக்கும் ஒரே விதிதான். ஆனால் அது எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழாது. கடைத்தெருப் பையன் வெளியே வந்தால் மாமனாரிடமோ சித்தப்பாவிடமோ முதல் வாங்கித் தனியாக ஏ.ஆர்.என். எடுத்துக்கொண்டு அலுவலகம் திறப்பான். எங்களுக்குச் சித்தப்பா உண்டு, அவருக்கு எஸ்.ஐ.பி. போட்டுக்கொடுத்ததே நாங்கள்தான்.

வேலை விட்ட இரண்டு வருடத்துக்கு எந்த வாடிக்கையாளரையும் தொடர்புகொள்ளக் கூடாது என்று ஒரு காகிதத்தில் எங்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பயந்துபோய் ஒரு வழக்கறிஞர் தோழரிடம் போனோம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவைக் காட்டினார்: ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. வேலையை விட்ட பிறகு வேறு இடத்தில் இதே தொழிலைச் செய்யாதே என்று தடுக்க முடியாது என்றார். அதே மூச்சில், கம்பெனியின் கணினியில் இருக்கும் பட்டியலை எடுத்தால் அது வேறு விவகாரம், அதைத் தொடாதீர்கள் என்றும் சொன்னார். தொடவில்லை. அலுவலக லேப்டாப்பைத் துடைத்து ஒப்படைத்தோம், பென் டிரைவைக்கூடத் திருப்பிக் கொடுத்தோம். எங்கள் செல்போனில் இருந்த எண்களை என்ன செய்வது? அத்தை, பெரியப்பா, விடுதித் தோழர், மன்றத்துச் செயலாளர் என்று பதிந்து வைத்த எண்கள். அவை யாருடைய தொழில் ரகசியம்?

புதிய நிறுவனத்தைப் பிடிப்பதற்குள் நான்கு இடத்தில் நேர்காணல். ஐம்பது வயதுக்கு மேல் நேர்காணலுக்குப் போய் உட்காருவதே ஒரு சங்கடம்; எதிரில் இருப்பவர் நம் பிள்ளை வயசு. நான்கு இடத்திலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை கோடி கொண்டு வருவீங்க?" இரண்டாவது கேள்வி எப்படி வரும் என்பதில்தான் வித்தியாசம். ஒருவர் சொந்த ஊர் கேட்டார், பிறகு ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். இன்னொருவர் ரொம்ப நாகரிகமானவர், "குலதெய்வம் எதுங்க?" என்றார். எங்களில் ஒருவர் "கெங்கையம்மன்" என்றார். குடியாத்தம் பக்கம் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு யாரையும் எந்தத் தெரு என்று கண்டுபிடிக்க முடியாது. கேட்டவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

கடைசியில் சேர்ந்த நிறுவனம் பெரியது, சென்னையில் தலைமை. எங்களுக்கு மேலாளர் பதவி, முன்பைவிடச் சம்பளம் அதிகம். அதோடு, முதல் ஆறு மாதத்தில் எங்கள் வழியாக வரும் தொகைக்கு ஏற்ப ஊக்கத்தொகை. கணக்குப் பார்த்தோம். எங்கள் குடும்பங்கள் முழுவதையும் கொண்டுவந்தால் எங்களில் ஒருவருக்கு வீட்டுக்கடன் அடையும், இன்னொருவருக்கு மகளின் மேற்படிப்புச் செலவு தீரும். இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக விருப்பமில்லை. 23 வருடம் அடுத்தவர் வீட்டுக் கணக்கைப் பார்த்தவர்களுக்கு, ஒரே தவணையில் தங்கள் கடன் முடியும் என்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனால் 'கொண்டுவருவது' என்றால் என்ன? மியூச்சுவல் ஃபண்டில் நல்ல வழி ஒன்று இருக்கிறது. விநியோகஸ்தரை மாற்ற வேண்டும் என்று முதலீட்டாளர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். பழைய நிறுவனத்தின் சம்மதம் தேவையில்லை. யூனிட்டுகள் அப்படியே இருக்கும், வரி கிடையாது, வெளியேறும் கட்டணம் கிடையாது. ஆனால் அப்படி மாறிவரும் பழைய முதலீட்டுக்குப் புதியவருக்குக் கமிஷன் உண்டா, எப்போதிலிருந்து என்பதில் விதிகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. அதனால் புதிய நிறுவனத்துக்கு அது பிடிக்கவில்லை. பழையதை விற்றுவிட்டுப் புதிதாக வாங்க வையுங்கள் என்றார்கள். விற்றால் என்ன ஆகும்? வாங்கி ஒரு வருடம் ஆகாத பங்கு ஃபண்டாக இருந்தால் பெரும்பாலும் 1 சதவீதம் கட்டணம் போகும். நீண்டகால லாபம் அன்றைக்கு வருடத்துக்கு 1 லட்சத்தைத் தாண்டினால் 10 சதவீத வரி. 2024 ஜூலை 23-இலிருந்து அது 1.25 லட்சத்துக்கு மேல் 12.5 சதவீதம் ஆகியிருக்கிறது. காப்பீட்டுப் பாலிசியைச் சரண்டர் செய்தால் இன்னும் மோசம். அன்றைக்கு ஆரம்ப வருடங்களில் கட்டியதில் பெரும்பாலும் பாதிகூடத் திரும்பாது. அந்த நஷ்டம் முழுக்க அவர்களுடையது. ஊக்கத்தொகை எங்களுடையது.

மூவரும் ஒருநாள் இரவு உட்கார்ந்து பேசினோம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஷூ கம்பெனிப் பெண்ணின் 500 ரூபாயில் கட்டணமும் வரியும் பிடித்துக்கொண்டு அதில் நம் வீட்டுக்கடனை அடைத்தால், 'ஓடிடுவியா' என்று கேட்ட அந்தக் கிழவிக்கு நாம் சொன்னதெல்லாம் என்ன என்று எங்களில் பெண் தோழர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. கடிதத்தில் கையெழுத்துப் போட்டு மாறக்கூடியது மட்டும் மாறட்டும். எதையும் விற்க வேண்டாம். ஒரு பாலிசியும் சரண்டர் ஆகக் கூடாது. மாற விரும்பாதவரை இரண்டாம் முறை கேட்கக் கூடாது என்று முடிவு செய்தோம். இன்னொன்றும் சேர்த்துக்கொண்டோம். 2013 ஜனவரியிலிருந்து நேரடித் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, இடையில் எங்களைப் போல ஆள் இல்லாமல் தாங்களே போடலாம், பங்கு ஃபண்டுகளில் பெரும்பாலும் வருடத்துக்கு அரை சதவீதம் முதல் ஒரு சதவீதம் வரை செலவு குறையும். படித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதையும் சொல்லிவிடுவது என்று முடிவானது. புதிய மேலாளருக்கு இதைச் சொன்னபோது, "அப்போ நீங்க எதுக்கு?" என்றார். பழைய இடத்திலும் ஏறக்குறைய அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஒருவேளை இந்தத் தொழிலில் எல்லாக் கம்பெனிக்கும் அந்த ஒரு கேள்விதான் தெரியும்போல.

யார் வந்தார்கள் என்பதில் எங்கள் கணக்கு பலமுறை தவறியது. அரக்கோணத்து கேங்மேன்கள் ஏறக்குறைய எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். சங்க அலுவலகத்தில் ஒரு மாலை ஐம்பது கடிதம். துப்புரவுப் பணியாளர்களில் சிலர், "கம்பெனி மாறினா எங்களுக்கு இன்னா? நீங்க இருக்கீங்கல்ல?" என்று கையெழுத்தே போடவில்லை. அவர்களுக்கு இன்றைக்கும் நாங்கள்தான் பார்த்துக்கொள்கிறோம், கமிஷன் பழைய முதலாளிக்குப் போகிறது. போகட்டும்.

ஆதிக்க சாதியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், தற்செயலாக எங்களிடம் வந்து சேர்ந்த ஒன்றிரண்டு பேரில் ஒருவர். பத்து வருடமாகத் திண்ணையில் வைத்தே பேசுவார், ஒருநாள்கூட உள்ளே கூப்பிட்டதில்லை. அவர் விடமாட்டார், மேனேஜர் பையனிடம் போய்விடுவார் என்று நினைத்தோம். போன் செய்தார். "பணம் உங்ககிட்டயே இருக்கட்டும், அந்தப் பையனை நம்ப முடியல" என்றார். சரி என்று மகிழ்ந்தோம். "ஆனா வூட்டுக்கு வர வேணாம், பேங்க் பக்கத்துல பாத்துக்கலாம்" என்றும் சொன்னார். ஆயுள்காலச் சேமிப்பை எங்கள் கையில் கொடுப்பவருக்கு வாசல்படியைக் கொடுக்க மனசில்லை. பேங்க் பக்கத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது, அங்கேதான் சந்திக்கிறோம். டீக்கு அவர்தான் காசு கொடுக்கிறார்.

நம் பக்கத்திலிருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது. நாங்கள் கல்லூரிக் காலத்திலிருந்து அறிந்த ஓர் அதிகாரி, பெரிய பதவியில் இருப்பவர், வரவில்லை. தனியார் வங்கி ஒன்றின் ஆளிடம் கொடுத்துவிட்டார். வேறொருவர் மூலம் காரணம் தெரிந்தது. அவர் குடியிருக்கும் இடத்தில் அவர் யாரென்று யாருக்கும் தெரியாது. நாங்கள் வாரம் ஒருமுறை அவர் வீட்டுக்கு வந்துபோனால் தெரிந்துவிடுமாம். முதலில் கோபம் வந்தது. பிறகு அவருடைய பிள்ளைகள் அந்தக் குடியிருப்பில் யாருடன் விளையாடுகிறார்கள், அந்த விளையாட்டு எந்த நாளில் நின்றுபோகும் என்று அவருக்குத் தெரியாதா என்று நினைத்தோம். அவரைத் திட்டுவதால் அந்தக் குடியிருப்பு மாறப்போவதில்லை. அவர் மேல் எங்களுக்கு இப்போது வருத்தமில்லை, ஆனால் கல்யாணப் பத்திரிகை வைக்க மட்டும் அலுவலகத்துக்கு வாருங்கள் என்று அவர் சொல்வதை ஏற்பதாகவும் இல்லை.

ஆறு மாத முடிவில் ஊக்கத்தொகைக்கான இலக்கில் பாதியைக்கூட நாங்கள் தொடவில்லை. வீட்டுக்கடன் அப்படியே இருக்கிறது. மகளுக்குக் கல்விக்கடன் வாங்கினோம். எங்களில் மூத்தவரை அடுத்த வருடமே மேலாளர் பதவியிலிருந்து இறக்கிப் பழையபடி விற்பனை ஆளாக ஆக்கினார்கள். அவர் விசிட்டிங் கார்டை மாற்றிக்கொள்ளவில்லை. ஊரில் எப்படியும் எல்.ஐ.சி.காரர்தானே என்கிறார்.

ஓர் ஏ.ஆர்.என். எடுக்க முதலாளியின் மகனாக இருக்க வேண்டியதில்லை, தேர்வு எழுத வேண்டும் என்பது எங்களுக்கே தாமதமாகத்தான் உறைத்த செய்தி. என்.ஐ.எஸ்.எம். நடத்தும் ஐந்து-ஏ தேர்வு, 100 கேள்வி, இரண்டு மணி நேரம், 50 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. சான்றிதழ் மூன்று வருடம் செல்லும், அதற்குள் புதுப்பிக்க வேண்டும். எங்கள் மூவரில் பெண் தோழர் தன் பெயரிலேயே பதிவு எடுக்க விண்ணப்பித்திருக்கிறார். வேலூரில் அம்பேத்கர் மன்றத்தின் பின்அறையில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தத் தேர்வுக்கு வகுப்பு எடுக்கிறோம். இப்போது ஏழு பேர் வருகிறார்கள், அதில் நான்கு பேர் பெண்கள். பேருந்துச் செலவு எங்களுடையது. கால்குலேட்டர் மட்டும் கொண்டுவாருங்கள்.